முத்துக் குளித்த கடலும் பவளப் பாறைகளும்

ஆண்டுதோறும் நம் காலனியிலிருந்து இராமேசுவரம் சென்று வரும் குடும்பங்கள் பல. பாம்பன் பாலத்தின் மேல் வண்டி செல்லும்போது சிறுவரும் பெரியவரும் சன்னலோரம் நெருங்கி நின்று, பச்சையும் நீலமுமாய் விளங்கும் நீரை நோக்கிக் காசு எறிவது வழக்கம். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய பாலம் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் புதிய பாலத்தின் வழியே வண்டிகள் ஓடுகின்றன. பாலத்தின் பெருமையை அறியாதார் நம்முள் இலர். ஆயின் அதற்குத் தெற்கே அந்நீரின் அடியில் என்ன இருக்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலத்திற்குத் தெற்கே விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா. அதில் பாம்பன் முதல் தூத்துக்குடி வரை, கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தவை பவளப் பாறைகள். நகைக்கடையில் நாம் வாங்கும் செம்பவளம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. இவையோ பாறை எனப் பெயர் பெற்றும் வெறும் கல் அல்ல. மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவை மாண்டபின் அவ்வீட்டின் மேலேயே அடுத்த தலைமுறை குடியேறுகின்றது. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலின் துணையால் உணவு ஆக்கி ஊட்டுகின்றன. நிறம் தருவனவும் பெரிதும் அவையே. ஆதலின் வெதுவெதுப்பும் தெளிவும் உள்ள, வெயில் புகும் கடலில்தான் இப்பாறைகள் தழைக்கும்.

இக்கடலடியை முதலில் கண்டவர் யார்? முத்துக் குளித்த நம் முன்னோரே. கொற்கை முத்தின் புகழைச் சங்க நூல்கள் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற கடற்பயண நூலொன்று, பாண்டிய நாட்டில் தண்டனை பெற்றவர்களைக் கொண்டு முத்துக் குளித்தனர் எனக் கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு முத்து கூலியாக அளிக்கப்பெற்றதை எழுதி வைத்தார். மந்திரத்திற்கே அவ்வளவு கூலி என்றால், மூழ்குவோரின் அச்சம் எத்தகையது என்பதை நாமே உணரலாம்.

அவர்களிடம் கருவி ஏதுமில்லை. ஒரு கல், ஒரு கயிறு, ஒரு கூடை, அடக்கிய மூச்சு — இவ்வளவே. கல்லின் பளுவால் கீழே இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளை அள்ளிக் கொண்டு, கயிற்றை அசைத்தவுடன் மேலே இருப்பவர் இழுக்க, வெளியே வந்தனர். செவிப்பறை கிழிந்தோரும் சுறாவுக்கு இரையானோரும் உண்டு. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆண்டவர் மாறினர், மூழ்கியவர் மாறவில்லை. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நின்றது. ஈராயிரம் ஆண்டுகள் கடலடியைக் கண்டும், நின்று பார்க்க அவர்களுக்கு ஒரு மூச்சுக்கு மேல் அவகாசம் கிடைத்ததில்லை.

அந்த அவகாசத்தை அளித்தது 1943-ஆம் ஆண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கஞானும் சேர்ந்து ஒரு கருவி செய்தனர். முதுகில் அழுத்திய காற்று நிரம்பிய உருளை. மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து நீரின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றை விடும் அடைப்பான். ஸ்கூபா என்று இன்று வழங்குவது இதன் வழிவந்ததே. மனிதன் மீனைப்போல் உலவத் தொடங்கினான். 1963-இல் செங்கடலில், சூடான் கரைக்கு அப்பால், பவளப் பாறையின் அருகே 10 மீட்டர் ஆழத்தில் வீடமைத்து ஐவர் ஒரு திங்கள் தங்கினர். அங்கே அவர்கள் அள்ளச் செல்லவில்லை, காணச் சென்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

நம் கரையிலோ அக்காலத்தில் நடந்தது வேறு. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் எனப் பவளப் பாறைகளை வெட்டித் தோணி தோணியாகக் கரை சேர்த்தனர். என் தந்தையார் பிறந்த வீட்டின் மதிலும் அக்கல்லால் ஆனதே. அதில் விண்மீன் போன்ற சிறு குழிகள் நிறைந்திருக்கும். சிறுவயதில் விரலை வைத்து அவற்றை எண்ணியிருக்கின்றேன். "இதை யார் செதுக்கினார்கள், அப்பத்தா?" என்று கேட்டபோது, "கடலே செதுக்கியதப்பா" என்றார் அவர். ஒவ்வொரு குழியும் ஓர் உயிரின் வீடு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நூலில் படித்தறிந்தேன். அம்மதிலை எழுப்பியவர்கள் தீயோர் அல்லர், அறியாதோர். அவ்வளவே.

அறியாமைக்கும் விலை உண்டு. அலையைத் தடுத்து நின்ற பாறைகள் குறைந்தமையால், 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 1986-இல் இப்பகுதி தேசியக் கடற்பூங்கா ஆக்கப்பெற்றது. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பெற்றன. வெட்டுதல் நின்றது. ஆயினும் 2010-இலும் 2016-இலும் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேற, உள்ளிருந்த பாசிகள் நீங்கிப் பவளங்கள் வெளுத்தன, பல மாண்டன. இன்று தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் காற்றுருளை தாங்கி மூழ்கி, உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் பொருத்தி நாற்று நடுவது போல் நட்டு வருகின்றனர். அள்ளுவதற்கே மூழ்கிய கடலில், வைத்து வரவும் மூழ்குகின்றனர்!

அன்பர்களே! அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, நம் பிள்ளைகளுக்குத் தென்புறக் கடலைக் காட்டுங்கள். ஒரு மூச்சில் மூழ்கி எழுந்தோரின் கதையைச் சொல்லுங்கள். எவரேனும் வெண்பவளத் துண்டை விற்க வந்தால் வாங்காதீர்கள். அது பொம்மையன்று, குடிபோன வீடு. தொலைவில் வாழும் நாம் அக்கடலுக்குச் செய்யக்கூடிய தொண்டு இவ்வளவேனும் உண்டு.