ஒரு பள்ளத்தாக்கும் இரு நாடுகளும்



வரலாற்று ஆசிரியனாகப் பணிபுரிந்த காலத்தில் நான் தேர்வுத்தாளில் பலமுறை கொடுத்த வினா ஒன்று உண்டு. "1659ஆம் ஆண்டின் பைரனீஸ் உடன்படிக்கையின் விளைவுகள் யாவை?" என்பது அவ்வினா. ஸ்பெயினின் வலிமை குன்றியது. பிரான்சின் வலிமை ஓங்கியது. ஸ்பெயின் நாட்டு இளவரசி பதினான்காம் லூயி மன்னருக்கு மணம் செய்விக்கப் பெற்றாள். பைரனீஸ் மலைத்தொடர் இரு நாடுகளுக்கும் எல்லையாயிற்று என்று மாணவர் நான்கு குறிப்புகள் எழுதுவர். நானும் முழு மதிப்பெண் இடுவேன். அவ்வுடன்படிக்கையினால் ஒரு பள்ளத்தாக்கு இரண்டாகப் பிளவுபட்டது என்பதை எந்த மாணவரும் எழுதியதில்லை. ஏனெனில் நான் அதைக் கற்பித்ததில்லை. அக்குறையை இன்று நிறைவு செய்ய விரும்புகின்றேன்.

பைரனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், செர்தான்யா என்னும் அகன்ற பள்ளத்தாக்கு இருக்கின்றது. அங்கு வாழ்ந்தோர் கட்டலன் மொழி பேசிய ஒரே மக்கள். 1660ஆம் ஆண்டில் லிவியா என்னும் ஊரில் கூடிய இருநாட்டுத் தூதர்கள், அப்பள்ளத்தாக்கின் 33 சிற்றூர்களைப் பிரான்சுக்கு உரியவை என்று முடிவு செய்தனர். லிவியாவோ நகரம் என்னும் தகுதி பெற்றிருந்தது. சிற்றூர்களைத் தருவதாகத்தானே பேச்சு, நகரத்தைத் தருவதாக இல்லையே என்று ஸ்பெயின் வாதிட்டு அதனைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்றும் லிவியா நாற்புறமும் பிரெஞ்சு மண் சூழ்ந்த ஸ்பானிய நகரமாக நிற்கின்றது. ஒரு சொல்லின் பொருளை ஒட்டி நாட்டின் எல்லை அமைந்த விந்தை இது.

தூதர்கள் கோடு கிழித்துவிட்டு ஊர் திரும்பினர். அக்கோட்டோடு வாழவேண்டியவர்கள் பள்ளத்தாக்கின் மக்களே. ஒரு பாதியினர் பாரிஸ் நகரை நோக்கினர். மறு பாதியினர் மாட்ரிட் நகரை நோக்கினர். இரு தலைநகர்களுக்கும் இவர்கள் கடைக்கோடி மக்களாயினர். எல்லைக்கோடு நிலத்தை மட்டுமா பிரிக்கின்றது? சாலையையும், பள்ளியையும், மருத்துவத்தையும் அன்றோ பிரிக்கின்றது! அண்மைக்காலம் வரை, பிரெஞ்சுப் பகுதியில் ஒருவர் கடும் நோயுற்றால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து பெர்ப்பிஞான் நகர மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பனிக்காலத்தில் அப்பயணம் எத்துணை இடர் மிக்கது என்பதை எண்ணிப் பாருங்கள். எல்லைக்கு அப்பால், நடந்தே போகக்கூடிய தொலைவில், புச்சர்தா என்னும் ஸ்பானிய நகரம் இருந்தது. ஆயினும் அது வேற்று நாடு.

இது ஒரு பள்ளத்தாக்கின் கதை மட்டும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உள்நாட்டு எல்லைகளை ஒட்டிய வட்டாரங்கள் அதன் நிலப்பரப்பில் நூற்றுக்கு 40 பங்காகும் என்றும், அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 15 கோடி மக்கள் என்றும் ஐரோப்பிய ஆணையம் 2017இல் கணக்கிட்டுக் கூறியது. பல நூற்றாண்டுகளாகப் படைகள் முதலில் புகுந்த இடங்களும், அமைதிக்காலத்தில் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் கடைசியாக வந்த இடங்களும் இவ்வெல்லைப்புறங்களே.

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தபின், இந்நிலையை மாற்ற முற்பட்ட பெரியோர் சிலரும் எல்லைப்புறத்தாராகவே இருந்தனர் என்பது கருதத்தக்கது. பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் சூமான் லக்சம்பர்க்கில் பிறந்தவர். அவர் தந்தையின் ஊர் லொரேன் பகுதியைச் சார்ந்தது. அப்பகுதி 1871 முதல் ஜெர்மனியின் கீழ் இருந்தமையால், பிறப்பால் ஜெர்மானியக் குடிமகனான அவர், முதல் உலகப்போருக்குப் பின்னரே பிரெஞ்சுக் குடிமகனானார். இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரி, ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த திரெந்தினோவில் பிறந்து, 1911இல் வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தவர். கோடு நகர்ந்தால் மனிதனின் வாழ்வு என்ன ஆகும் என்பதை இவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தனர். 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் சூமான் விடுத்த அறிக்கையின் பயனாக, 1951இல் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொது ஆட்சியின் கீழ்க் கொண்டுவரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1957இல் உரோம் உடன்படிக்கை பொதுச் சந்தைக்கு அடிகோலியது.

அரசுகள் மேலிருந்து செய்தவை இவை. கீழிருந்து எழுந்த முயற்சியும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் கிரோனாவ் நகரும் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரும் எல்லையின் இருபுறமும் அண்டை ஊர்கள். இரண்டும் நெசவாலைகளால் வாழ்ந்தவை. 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை இவ்வெல்லையைக் கடந்து நெதர்லாந்தைக் கைப்பற்றியது. அப்படையெடுப்பிற்குப் பதினெட்டு ஆண்டுகளே கழிந்த நிலையில், 1958இல், இருபுறத்து ஊராட்சியினரும் ஒருங்கு கூடி "யூரேகியோ" என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினர். எல்லைவட்டாரக் கூட்டமைப்புகளுள் அதுவே முதலாவது. பிற்காலத்தில் அதன் பண்பாட்டுப் பணிகளுக்கு வழிகாட்டிய ஆல்பிரட் மோசர், ஜெர்மனியில் பிறந்து, 1933இல் இட்லரின் ஆட்சிக்குத் தப்பி நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தவர். நெசவுத்தொழில் நலிந்தபோது இரு நகரங்களும் ஒரே துன்பத்தை அடைந்தன. துன்பம் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. அதற்கு மருந்து தேடுவோர் மட்டும் கோட்டருகே நின்றுவிடவேண்டுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

மருந்துக்குப் பணம் வேண்டுமன்றோ? 1975இல் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதி என்பது நிறுவப்பெற்றது. பின்தங்கிய வட்டாரங்களை முன்னேற்றுவது அதன் நோக்கம். ஆனால், தொடக்கத்தில் அந்நிதி நாட்டிற்கு இவ்வளவு என்று பங்கிடப்பட்டு, ஒவ்வோர் அரசின் கைவழியே சென்றது. அரசுகள் தத்தம் எல்லைக்குள் அதனைச் செலவிட்டன. இருநாட்டு விளிம்பிலும் உள்ளோர் சேர்ந்து ஒன்றைச் செய்ய அதில் வழி இல்லை.

1986இல் கையொப்பமான ஒற்றை ஐரோப்பியச் சட்டம், 1992 முடிவதற்குள் உள்நாட்டுச் சுங்கத் தடைகள் நீங்கவேண்டும் என்று வகுத்தது. தடை நீங்கினால் எல்லைப்புறம் செழிக்கும் என்றனர் சிலர். சுங்கச்சாவடியை நம்பிப் பிழைப்போர் வேலை இழப்பர், ஆலைகள் பெருநகர்களுக்கே போய்ச்சேரும் என்று அஞ்சினர் வேறு சிலர். இந்நிலையில்தான் 1990இல் "இன்டர்ரெக்" என்னும் திட்டம் பிறந்தது. முதற் பருவத்தில் அதற்கு ஒதுக்கிய தொகை, அக்காலத்து ஐரோப்பியக் கணக்கு நாணயத்தில், 100 கோடிக்குச் சற்று மேல். 2021 முதல் 2027 வரையிலான ஆறாம் பருவத்திற்கு ஏறத்தாழ 800 கோடி யூரோ ஒதுக்கப்பட்டுள்ளது.

மாணவர்களே, இத்தொகையைக் காட்டிலும் இதனோடு சேர்த்து விதித்த நிபந்தனையே உங்கள் நினைவில் நிற்கவேண்டியது. ஒரு நாட்டார் மட்டும் வந்து கேட்டால் இந்நிதி கிடைக்காது. எல்லையின் இருபுறத்தாரும் கூடித் திட்டம் வகுக்கவேண்டும். கூடியே அதை நிறைவேற்றவேண்டும். அவர்களுள் ஒருவர் தலைமைப் பங்காளியாக நின்று மொத்தக் கணக்கிற்கும் பொறுப்பேற்கவேண்டும். செலவு முழுவதையும் நிதி தாங்காது. ஒரு பங்கைத்தான் தாங்கும். எஞ்சியதை அவர்களே தேடிக்கொள்ளவேண்டும். பெரும்பாலும் முதலில் செலவழித்து, கணக்கைத் தணிக்கைக்குக் காட்டிய பின்னரே பணம் கைக்கு வரும். வரப்புத் தகராறில் முகம் பாராத இரு உழவரிடம், "இருவரும் சேர்ந்து வந்தால்தான் கிணறு வெட்டக் கடன்" என்று சொல்வதைப் போன்றது இது. கிணற்றில் நீர் ஊறுவதற்கு முன்பே அவர்கள் பேசத் தொடங்கியாக வேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்கிற்குத் திரும்புவோம். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு புதிய சட்டம் இயற்றியது. அதன்படி இருநாட்டுப் பொது அமைப்புகள் சேர்ந்து, சட்டத்தின் முன் தனி ஆளாக நிற்கத்தக்க ஒரு குழுமத்தை அமைக்கலாம். செர்தான்யாவிற்கென அத்தகைய குழுமம் 2010இல் அமைந்தது. 2014 செப்டம்பரில் புச்சர்தாவில் இருநாட்டு மக்களுக்கும் பொதுவான மருத்துவமனை திறக்கப்பெற்றது. இரு நாடுகள் சேர்ந்து நடத்தும் இத்தகைய மருத்துவமனை ஐரோப்பாவில் அதுவே முதன்முறை. அதன் அமைப்புச் செலவு ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் யூரோ. அதில் நூற்றுக்கு 60 பங்கை வட்டார வளர்ச்சி நிதி ஏற்றது. எஞ்சியதைக் கட்டலோனிய அரசும் பிரெஞ்சு அரசும் 60க்கு 40 என்ற அளவில் பகிர்ந்துகொண்டன. ஏறத்தாழ 30,000 பேர் வாழும் பள்ளத்தாக்கிற்கு அது ஒரே மருத்துவமனை.

சுவர் எழுப்புவது எளிதாக இருந்தது. சட்டங்களைப் பொருத்துவதே அரிதாக இருந்தது. பிரெஞ்சுத் தாய்க்கு அங்கே பிறக்கும் குழந்தை ஸ்பானிய மண்ணில் பிறக்கின்றது. அதன் பிறப்பை எவ்வாறு பதிவது? அங்கே இறந்த ஒருவரின் உடலைச் எல்லைக்கு அப்பால் அருகிலுள்ள சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல எத்தனை சான்றிதழ்கள் வேண்டும்? எந்த நாட்டு மருத்துவர் எந்த நாட்டுப் பட்டத்தோடு பணிபுரிவது? மருந்துச் செலவை எந்தக் காப்பீடு ஏற்பது? 1660இல் எளிதாக இழுத்த கோட்டின் முடிச்சுகளை அவிழ்க்க, 350 ஆண்டுகளுக்குப்பின் இத்தனை பேர் மேசையைச் சுற்றி அமரவேண்டியதாயிற்று.

இத்திட்டங்களை மிகைப்படப் புகழ்வதும் தகாது. வட்டார ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் செலவிடும் தொகையில் இன்டர்ரெக் பெறுவது நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கே. கணக்கும் படிவமும் நிரப்பும் சுமையால் சிற்றூர்கள் சலிப்படைவதும் உண்டு. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, திறந்து கிடந்த எல்லைகள் பல ஒரே வாரத்தில் அடைபட்டன. ஆகவே கோடுகள் அழிந்துவிட்டன என்று எண்ணவேண்டா. அவை அங்கேயே இருக்கின்றன. கோட்டின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசும் பழக்கம் மட்டும் புதிதாக வந்திருக்கின்றது. அப்பழக்கம் தானாக வந்ததன்று. மேலே சொன்ன நிபந்தனையும், கிரோனாவ், என்ஸ்கெடே மக்களைப் போன்றோரின் பொறுமையும் சேர்ந்து வளர்த்தது.

இன்று எவரேனும் என்னிடம் பைரனீஸ் உடன்படிக்கையின் விளைவுகளைக் கேட்டால், அந்த நான்கு குறிப்புகளோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்ப்பேன்: "ஒரு பள்ளத்தாக்கின் நோயாளிகள் மூன்றரை நூற்றாண்டுக் காலம் அருகிலுள்ள ஊரை விட்டுத் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்ல நேர்ந்தது, 2014இல் அது ஒருவாறு சீர்செய்யப் பெற்றது." நீங்கள் உடன்படிக்கைகளைப் படிக்கும்போது, கையொப்பமிட்டவர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கோடு எவருடைய வாசல் வழியே சென்றது என்பதையும் தேடிப் பாருங்கள்.