கொலஸ்ட்ரால் துகள்கள்: எடையா, பருமனா, எண்ணிக்கையா?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்.டி.எல். அளவு சரியாக இருந்தால் பலருக்கும் ஒரு நிம்மதி. ஆனால் அப்படி இருந்தும் சிலருக்கு மாரடைப்பு வருகிறதே, ஏன்? இந்தக் கேள்விக்குப் பின்னால் 70 வருடத்துக்கும் மேலான ஒரு சண்டை இருக்கிறது.

முதலில் அடிப்படை. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் தனியாகப் போக முடியாது. லிப்போபுரோட்டீன் என்ற துகள்களில் ஏறித்தான் போகும். கொலஸ்ட்ரால் சரக்கு என்றால் இந்தத் துகள்கள்தான் லாரி. வழக்கமான பரிசோதனை மொத்தச் சரக்கின் எடையை மட்டுமே சொல்லும். எத்தனை லாரி, எவ்வளவு பெரிய லாரி என்பதைச் சொல்லாது.

இந்த லாரிகளைத் தரம் பிரித்துப் பார்த்தவர் ஜான் காஃப்மன். அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு மருத்துவம் படித்தவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழல் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். சீரத்தில் உப்பைச் சேர்த்து அடர்த்தியைக் கூட்டிச் சுழற்றினால் கொழுப்புத் துகள்கள் மிதந்து வரும். மிதக்கும் வேகத்தை வைத்து அவற்றை வகை பிரிக்கலாம். மொத்தக் கொலஸ்ட்ராலை விட, குறிப்பிட்ட சில துகள்கள்தான் இதய நோயோடு அதிகம் சம்பந்தப்பட்டவை என்று 1950ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்.

இதைச் சோதிக்க நான்கு ஆய்வகங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 1956ல் முடிவு வந்தது. சாதாரண கொலஸ்ட்ரால் பரிசோதனையை விட இந்த முறை மேலானது இல்லை என்றது பெரும்பான்மை. காஃப்மன் குழு ஒப்புக்கொள்ளவில்லை. அதே அறிக்கையில் தங்கள் மறுப்பையும் எழுதியது. ஆனால் இயந்திரமோ விலை அதிகம், வேலையும் அதிகம். எளிய பரிசோதனையே ஜெயித்தது. 1972ல் ஃபிரீட்வால்ட் சூத்திரம் வந்த பிறகு, எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் கணக்குப் போட்டே சொல்ல முடிந்தது. துகள்களை மறந்தே போனார்கள்!

மறுபடியும் பெர்க்லியில்தான் பேச்சு ஆரம்பித்தது. சிறிய, அடர்த்தியான எல்.டி.எல். துகள்கள் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் 3 மடங்கு என்று ரொனால்ட் கிராஸ் உள்ளிட்ட குழு 1988ல் அறிவித்தது. சிறியவை ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும் என்று காரணமும் சொல்லப்பட்டது. உடனே "சின்னது கெட்டது, பெரியது ஆபத்தில்லை" என்ற எண்ணம் பரவிவிட்டது.

இங்கேதான் சிக்கல். பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கும் நோயாளிகளுக்குத் துகள்கள் பெரும்பாலும் பெரியவையே. ஆனாலும் அவர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது! அப்படியென்றால் பெரியது எப்படி நல்லதாகும்?

கணக்கைப் பாருங்கள். 100 டன் சரக்கை 10 டன் லாரிகளில் ஏற்றினால் 10 லாரி போதும். 5 டன் லாரி என்றால் 20 வேண்டும். எடை ஒன்றுதான், சாலையில் நெரிசல் இரண்டு மடங்கு. சிறிய துகள் உள்ளவர்களிடம் அபாயம் கூடியதற்கு முக்கியக் காரணம் பருமன் அல்ல, எண்ணிக்கை. 2007ல் வெளியான அமெரிக்க 'மெசா' ஆய்வு முடிவிலும், ஒன்றின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தபோது, சிறியது, பெரியது இரண்டுமே ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்போடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது.

எண்ணுவதற்கு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. லாரியின் நம்பர் பிளேட் மாதிரி! ஆலன் ஸ்நைடர்மன் 1980லிருந்தே இதை வலியுறுத்தி வந்தார். 2019ல் ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. குறிப்பாகச் சர்க்கரை நோய், உடல் பருமன், அதிக டிரைகிளிசரைடு உள்ளவர்களுக்கு.

எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் குறைப்பது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. "துகள் பெரியதுதானே" என்று மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. சரக்கை மட்டும் பார்க்காதீர்கள், லாரியையும் பாருங்கள் என்று 1950லேயே சொன்ன காஃப்மன் 2007ல் காலமானார். எந்தத் துகள் என்பதில் விவாதம் இருக்கலாம். துகளைப் பார்க்கச் சொன்னதில் அவர் தப்பவில்லை.