கடலுக்கடியில் கரைந்த சைகை

1858 ஓகஸ்ட் 16. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அத்திலாந்திக் கடலுக்கடியால் ஒரு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள்தான். போய்ச்சேர ஏறக்குறைய 16 மணித்தியாலம் எடுத்தது. கடிதம் கப்பலில் போன காலம் எண்டதால் அதுவே பெரிய அதிசயம். நியூயோர்க்கில் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடினார்கள், அதில் நகர மண்டபத்தின் கோபுரமே தீப்பிடிச்சது. செப்டெம்பர் தொடக்கத்தில் கேபிள் செத்துப்போச்சு.

பொறியியல் பீடத்தில் ‘சைகைகளும் தொகுதிகளும்’ பாடத்தை முதல் கிழமையே வெறுத்த ஆக்களில் நானும் ஒருத்தன். கரும்பலகையில் ஒரு பெட்டி. ஒரு பக்கத்தால் ஒண்டு போகும், மற்றப் பக்கத்தால் வேறொண்டு வரும். பெட்டிக்குள்ள என்ன, எங்களுக்கு ஏன் இது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இந்தக் கேபிளின் கதையை வாசிச்ச பிறகுதான் அந்தப் பெட்டி எனக்கு 3,000 கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரு கம்பியாகத் தெரிஞ்சது.

கம்பனியின் மின்னியலாளர் வைல்ட்மன் வைற்ஹவுஸ். உண்மையில் அவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர், மின்சாரம் தானாகப் படிச்சது. எதிர்ப்பக்கத்தில் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. செப்புக் கம்பி, அதைச் சுற்றி மரப்பால் காப்பு, வெளியில கடல் தண்ணி. இது வெறும் கம்பி இல்லை, நீட்டி இழுத்த ஒரு கொள்ளளவி. மின்னேற்றம் நிரம்பவும் நேரம் வேணும், வடியவும் நேரம் வேணும்.

தொம்சன் இதற்கு எடுத்த கணக்கு, பூரியேயின் வெப்பச் சமன்பாடு. கொதிக்கிற கறிக்குள்ள கரண்டியை விட்டால் பிடி உடனே சுடாது. சூடு மெல்ல மெல்ல ஏறும், எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். கேபிளுக்குள்ள போற ஒவ்வொரு துடிப்பும் இப்பிடித்தான் பரவி, வாலை நீட்டிக்கொண்டு வருது. அந்த வாலுக்கு மேல அடுத்த துடிப்பு ஏறினால் புள்ளி எது, கோடு எது? நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நாலு மடங்கு. 1855 அளவிலேயே தொம்சன் இதைச் சொல்லிட்டார். வைற்ஹவுஸ் தன்ர பரிசோதனைகளைக் காட்டி, பிழையெண்டு மறுத்தார்.

அவரின் வைத்தியம்: பெரிய தூண்டற் சுருள், கிட்டத்தட்ட 2,000 வோல்ற்று. சத்தம் கேக்கேல்லையா, உரக்கக் கத்து. ஆனால் கேபிள் ஒரு நேரியல் தொகுதி. உள்ளே இரண்டு மடங்கு குடுத்தால் வெளியேயும் இரண்டு மடங்கு வரும், வாலும் இரண்டு மடங்காகும். உருவம் மாறாது. தொம்சன் கத்தச் சொல்லேல்லை, காதைக் கூர்மையாக்கினார்: சின்னக் கண்ணாடியில் பட்டு அசையிற ஒளிப்புள்ளியால் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் வாசிக்கிற கருவி. குறைபாட்டோட செய்த கேபிள்தான், முழுப்பழியையும் வைற்ஹவுஸ் தலையில போடேலாது. ஆனாலும் அந்த 2,000 வோல்ற்று அதன்ர சாவைத் துரிதப்படுத்தினது.

எனக்கு இதில் பெரிய விசயம் தொம்சன் கேட்ட கேள்வி. ‘இந்தச் செய்தி எப்பிடிப் போகும்?’ எண்டு அவர் கேக்கேல்லை. சாவியை ஒருக்கா அமத்திப் பிடிச்சால் மற்றக் கரையில மின்னோட்டம் எப்பிடி ஏறும் எண்டு ஒரேயொரு வளைகோட்டைக் கணிச்சார். ஒரு புள்ளி எண்டால் என்ன? ஒரு அமத்தல், கொஞ்சம் பிந்தி ஒரு விடுதல். அந்த வளைகோட்டை நேரம் தள்ளித்தள்ளிக் கூட்டியும் கழிச்சும் போட்டால் எந்தச் செய்திக்கும் விடை வந்திடும். இரண்டாம் வருசத்தில் எங்களைப் படுத்தின கொன்வலூசனும் இதேதான்.

1866இல் தடிச்ச செப்போட, கவனமாகச் செய்த கேபிள் போட்டார்கள், அது நிண்டது.

தொம்சன் விட்ட ஒண்டும் இருந்தது: கம்பியின் தூண்டல். அதையும் சேர்த்தவர் ஒலிவர் ஹெவிசைட். பல்கலைக்கழகம் போகாதவர், தந்தி இயக்குநர், 24 வயசிலேயே வேலையை விட்டவர். தூண்டலைக் கூட்டினால் சைகை உருக்குலையாமல் போகும் எண்டு 1887இல் எழுத, பிரித்தானியத் தபாற்துறையின் மூத்த பொறியியலாளர் வில்லியம் பிறீஸ் அதை எதிர்த்தார். பிறகு அமெரிக்காவில் அதே யோசனையின் காப்புரிமையால் மைக்கேல் பூப்பின் பெரும் பணம் சம்பாதிச்சார். ஹெவிசைட்டுக்கு ஒரு சதமும் வரேல்லை. சாவியை அமத்தின அந்தக் கணத்தை நாங்கள் படியாகக் கீறுறமே, அந்தச் சார்புக்குத்தான் அவரின்ர பேர் இருக்கு.