தோட்டத்துச் சாலையும் மிதிவண்டியும்

விடுமுறை நாள்களில் நான் மிதிவண்டியில் செல்வது கோப்பெங், கம்பார் பக்கத்துப் பழைய தோட்டத்துச் சாலைகளில்தான். மேடும் பள்ளமுமாய் வளையும் அவற்றில் வாகன இரைச்சல் இல்லை. ஆயினும் அவை உல்லாசத்திற்காகப் போடப்பட்டவை அல்ல. ரப்பர்ப் பால் கொண்டுசெல்ல எழுந்தவை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இப்பேராக் மண்ணில் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளில் வந்தனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளில் சுமந்து ஆறு கடந்தனர். நெடுஞ்சாலையில் தடுக்கப்பட்டால் தோட்டப் பாதைகளில் புகுந்தனர். 1942 ஜனவரி 2-ஆம் நாள் பிரிட்டிஷ் படை கம்பாரை விட்டுப் பின்வாங்கியது.

பின்னர் அத்துயரம் தோட்டத் தமிழர் தலையில் விழுந்தது. பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; பலர் திரும்பவேயில்லை.

இன்று பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. மாணவர்களே, முன்னோர் சொன்னவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.