இலையுதிர்காலத்துக்கு ஒரு துணி: லோலிடா ஆடையும் வெல்வெட்டீனும்

ஜப்பானில் செப்டம்பர் பிறந்துவிட்டால் துணிக்கடை வாசல்களின் நிறம் மாறிவிடும். வெயில் என்னவோ குறைந்திருக்காது. டோக்கியோவில் செப்டம்பர் பகலிலும் வியர்த்துக் கொட்டும். ஆனாலும் கடைகளில் பழுப்பு, ஒயின் சிவப்பு, பாட்டில் பச்சை, கருநீலம் என்று அடர் நிறங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹராஜுக்குவில் உள்ள லோலிடா ஆடைக் கடைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கோடை முழுக்கப் பூவும் பழமும் கேக்கும் அச்சடித்த பருத்தித் துணிகள் தொங்கிய இடத்தில், படமே இல்லாத ஒற்றை நிற வெல்வெட்டீன் கவுன்கள் நிற்கும். பார்த்தால் ஏதோ பழைய ஐரோப்பிய மாளிகையிலிருந்து வந்தவை போலத் தோன்றும். உண்மையில் அந்தத் துணியின் கதை மாளிகையில் நடந்தது அல்ல, தறிக்கூடத்தில் நடந்தது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. லோலிடா என்றதும் 1955இல் வெளிவந்த நபக்கோவின் நாவல்தான் பலருக்கு நினைவு வரும். இந்த ஆடையை உடுத்தும் பெண்களுக்கு அந்த ஒப்பீடு அறவே பிடிக்காது. ஆண்களின் பார்வைக்காக உடுத்துவதில்லை, தங்களுக்காக உடுத்துகிறோம் என்பதுதான் அவர்கள் வாதம். உடையைப் பார்த்தாலே அது நியாயம் என்று தெரியும். கழுத்து வரை மூடிய ரவிக்கை, முழங்காலைத் தொடும் பாவாடை, அதற்குக் கீழே நீளக் காலுறை. இதில் கவர்ச்சியைத் தேடுபவன் ஏமாந்துதான் போவான்!

இந்தப் பாணி ஒரே நாளில் பிறந்தது அல்ல. 1970இல் ஹராஜுக்குவில் 'மில்க்' என்ற கடை தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே 'பிங்க் ஹவுஸ்' ஃபிரில்லும் லேஸுமாக ஆடைகளை விற்றது. 1988இல் 'பேபி, த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்', 1993இல் ஒசாக்காவில் 'மெட்டமார்ஃபோஸ்', 1998இல் அதே ஒசாக்காவில் 'இன்னசன்ட் வேர்ல்ட்' என்று வரிசையாக வந்தன. 2001இல் 'காத்திக் அண்ட் லோலிடா பைபிள்' இதழ் வெளிவந்த பிறகுதான் சிதறிக் கிடந்த இந்தக் கூட்டத்துக்கு ஒரு மையம் கிடைத்தது. 2002இல் தக்கேமோட்டோ நோவாலா எழுதிய 'ஷிமோட்சுமா மொனோகத்தாரி' நாவலும், 2004இல் அதிலிருந்து எடுத்த திரைப்படமும் இந்த ஆடையை ஜப்பானுக்கு வெளியேயும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அதெல்லாம் இருக்கட்டும். வெயில் குறையாதபோதே ஏன் நிறத்தை மாற்ற வேண்டும்?

ஜப்பானில் ஆடைக்கு நாள்காட்டி உண்டு. 'கொரோமோகாயே' என்பார்கள், உடை மாற்றம் என்று பொருள். ஹேயான் காலத்து அரண்மனையில் தொடங்கிய இந்த வழக்கம் பள்ளிச் சீருடைகளில் இன்றும் தொடர்கிறது. ஜூன் 1இல் கோடைச் சீருடை, அக்டோபர் 1இல் குளிர்காலச் சீருடை. கிமோனோவிலும் பருவத்துக்குச் சற்று முந்திக்கொண்டு உடுத்துவதுதான் நாகரிகம். பூ முழுதாக மலர்ந்த பிறகு அந்தப் பூப்போட்ட கிமோனோவை உடுத்தினால் தாமதித்துவிட்டாள் என்பார்கள். லோலிடா உடுத்தும் பெண் செப்டம்பரில் மெல்லிய பருத்தியிலேயே பழுப்பு நிறம் தேடுவதும் இந்த வழக்கத்தின் நீட்சிதான். நிறம் முதலில் மாறும், துணி பிறகு மாறும். அக்டோபர் நடுவில் காற்று குளிரத் தொடங்கியதும் வெல்வெட்டீனும் கார்டுராயும் கட்டம் போட்ட கம்பளியும் அலமாரியிலிருந்து இறங்கும். ஐரோப்பிய உடை, ஜப்பானிய நாள்காட்டி!

இப்போது துணிக்கு வருவோம். வெல்வெட், வெல்வெட்டீன் இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வெல்வெட்டில் மேலே நிற்கும் குறுநூல் பாவிலிருந்து வருவது. பழைய நாளில் அது பட்டு. வெல்வெட்டீன் பருத்தி. அதில் குறுநூல் ஊடையிலிருந்து வருகிறது. நெய்யும்போது ஊடை நூல்களில் சில, பாவு நூல்கள் பலவற்றைத் தாண்டி மேலே மிதக்கும்படி விடப்படும். நெய்து முடித்ததும் அந்த மிதவைகளின் நடுவே கத்தியை விட்டு அறுத்தால், அறுந்த முனைகள் இரண்டும் எழுந்து நிற்கும். பிறகு பிரஷ் போட்டுச் சாயம் ஏற்றினால் வெல்வெட்டீன். மிதவைகளை வரிசை வரிசையாக இடைவெளி விட்டு அமைத்து அறுத்தால் கார்டுராய். ஆக, தறியிலிருந்து இறங்கும்போது இரண்டுமே சாதாரண முரட்டுத் துணிதான். கத்திதான் அதைச் சீமாட்டி ஆக்குகிறது.

இந்த அறுப்பு வேலையை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கையால் செய்தார்கள். மான்செஸ்டரில் நெய்த துணி செஷயர் பகுதியின் லிம், காங்கிள்டன் போன்ற ஊர்களுக்குப் போகும். அங்கே நீண்ட மேசைகளில் துணியை இழுத்துக் கட்டி, மெல்லிய நீளக் கத்தியோடு தொழிலாளி மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார். ஒரு நடைக்கு ஒரு வரிசைதான் அறுபடும். திரும்பி வந்து அடுத்த வரிசை. நாள் முழுக்க இப்படியே. பெண்களும் சிறுவர்களும் இந்த வேலையில் நிறைய இருந்தார்கள். கார்டுராய்க்கு ஜெர்மானியர்கள் 'மான்செஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். (கார்டுராய் என்றால் பிரெஞ்சில் 'அரசனின் கயிறு' என்று சொல்வது கட்டுக்கதை. பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படி அழைப்பதே இல்லை.)

பட்டு வெல்வெட் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு வெல்வெட்டீன் ஒரு வரப்பிரசாதம். 1886இல் பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'லிட்டில் லார்ட் ஃபான்டல்ராய்' புத்தகமாக வந்ததும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாய்மார்கள் தங்கள் பையன்களுக்குக் கறுப்பு வெல்வெட் சட்டையும் பெரிய லேஸ் காலரும் போட்டுப் பாடாய்ப் படுத்தினார்கள். அந்தக் கதையை வக்காமாட்சு ஷிசுக்கோ என்ற பெண்மணி 1890-92இல் 'ஷோகோஷி' என்ற பெயரில் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். இன்று லோலிடா உடையின் ஆண் வடிவத்தை 'ஓஜி', அதாவது இளவரசன் பாணி என்கிறார்கள். அடர் நிற வெல்வெட்டீன் அரைக்கால்சட்டை, வெள்ளை லேஸ் காலர். யாருடைய பேரன் என்று சொல்லத் தேவையில்லை.

ஜப்பானியர்கள் இந்தத் துணிகளுக்கு வைத்த பெயர்களே ஒரு வரலாறு. வெல்வெட்டுக்குப் பெயர் 'பிரோடோ'. 16ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த போர்ச்சுகீசியர்களின் சொல் அது. அதை எழுதும் சீன எழுத்துகளோ அன்னத்தின் மென்சிறகைக் குறிக்கும். இறக்குமதியான ஒரு துணிக்குள் தவறுதலாக ஒரு கம்பி மாட்டிக்கொண்டு வர, அதைப் பார்த்துத்தான் கியோட்டோ நெசவாளர்கள் நெய்யும் ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, கேட்க நன்றாக இருக்கிறது. கார்டுராய் 'கோருதென்'. ஆங்கிலத்தில் பாதி, பிரோடோவின் முதல் எழுத்து பாதி. வெல்வெட்டீன் அவர்கள் வாயில் 'பெச்சின்' ஆயிற்று. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த எழுத்துகளுக்கு 'தனித்த, அரிய' என்று பொருள்.

இந்தப் பெச்சினின் ஊர் ஷிசுவோகா மாகாணத்தின் ஃபுக்குதே. கடலோரச் சிற்றூர். 2005இல் இவாட்டா நகரத்தோடு இணைக்கப்பட்டது. ஜப்பானில் நெய்யப்படும் கார்டுராயிலும் வெல்வெட்டீனிலும் மிகப் பெரும் பங்கு இந்தப் பகுதியில் நெய்யப்படுவதுதான். சுற்றுவட்டாரமே தறிக்குப் பேர்போனது. பக்கத்து ஹமமட்சுவில் 1909இல் சுசுகி மிச்சியோ என்பவர் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். ஓசூரில் 1980களில் டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து பைக் தயாரித்த அதே சுசுகிதான்!

ஃபுக்குதேயில் நெசவு ஒரு வீடு, அறுப்பு இன்னொரு வீடு, சாயம் வேறொரு வீடு என்று வேலை பிரிந்து கிடக்கிறது. அறுக்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெல்லிய வழிகாட்டி ஊசி, அதன்மேல் சுழலும் வட்டக் கத்தி. ஊசி நூல் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். வழியில் ஒரு முடிச்சு குறுக்கிட்டாலும் துணி பாழ். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று கண்ணும் கையும் வைத்துப் பார்க்கிற ஆள் தேவை. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், மற்ற எல்லோருக்கும் வேலை இல்லை. அதுதான் அங்கே நடக்கிறது. மலிவான இறக்குமதித் துணி வரவர ஆர்டர் குறைந்தது. அறுப்புக்காரர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் ஊர் முழுக்க இருந்த அறுப்புப் பட்டறைகளில் இன்று சிலவே மிச்சம்.

லோலிடா ஆடைக்கு இந்தத் துணி ஏன் இவ்வளவு பொருந்துகிறது? அந்த உடையின் உயிர் பாவாடையின் மணி வடிவத்தில் இருக்கிறது. பருத்தி வெல்வெட்டீன் கனமானது, மடிப்பு வைத்தால் கொத்தாக நிற்கும், வழவழவென்று சரியாது. பளபளப்பு அடங்கியது. பாலியஸ்டர் வெல்வெட் மேடை உடை மாதிரி மின்னும்போது, பெச்சின் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதன்மேல் வெள்ளைப் பருத்தி லேஸ் வைத்தால் லேஸ் மட்டும் தனியாக எழுந்து தெரியும். ஆனால் கனத்துக்கு ஒரு விலை உண்டு. கோடைக்குப் போட்ட லேசான உள்பாவாடை இதன் கீழே நசுங்கிப்போகும். விறைப்பான வலைத்துணியில் பல அடுக்கு வேண்டும்.

தைப்பதும் சுலபமில்லை. குறுநூலுக்குத் திசை உண்டு. ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டால் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும் என்பதால் துணி அதிகம் செலவாகும். குறுநூல் மேல்நோக்கி இருக்கும்படி தைத்தால் நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும் என்பது தையற்காரர்கள் அறிந்த ரகசியம். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் தீர்ந்தது கதை. உள்பக்கம் திருப்பி, துவாலை மேல் போட்டு, ஆவி காட்டினால் போதும். பெச்சின் கவுன் விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கு இதுவே கணக்கு.

ஓர் இலையுதிர்கால அலமாரிக்கு இவை நிறைய வேண்டியதும் இல்லை. பினஃபோர் போன்ற கையில்லாத வெல்வெட்டீன் கவுன் ஒன்று இருந்தால், அக்டோபரில் அதன் உள்ளே மெல்லிய பருத்தி ரவிக்கை, நவம்பரில் உயர்கழுத்து ரவிக்கையும் பின்னல் பொலேரோவும், டிசம்பரில் மேலே ஒரு கேப் என்று மூன்று மாதம் ஓட்டலாம். சாதாரணக் கோட்டு இந்தப் பாவாடைக்கு மேல் ஏறாது, இடுப்புக்குக் கீழே விரிந்த வெட்டு வேண்டும். அதனால்தான் கேப்புக்கு இங்கே இவ்வளவு மரியாதை. கட்டம் போட்ட கம்பளிக்குப் பெரே தொப்பியும் பழுப்புக் காலணியும் சேரும். வெல்வெட்டீனுக்கு அவை வேண்டாம். கறுப்புக் காலணி, ஒரு ரிப்பன் போதும். இரண்டு கனத் துணிகளை ஒரே உடையில் சேர்ப்பது பெரும்பாலும் சோபா உறை போலத்தான் முடிகிறது.

2000களின் நடுவில் அச்சுத் துணிகளின் அலை எழுந்தது. 'ஏஞ்சலிக் பிரிட்டி' போன்ற பிராண்டுகள் வெளியிட்ட படத் துணிகளுக்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பெயர், ஒரு தொடர், சேகரிப்பவர்கள் கூட்டம். 2010களில் அச்சடிக்க வசதியான பாலியஸ்டர் அதிகமானது. ஒற்றை நிறப் பெச்சினுக்கு அப்படிப் பெயரும் இல்லை, சேகரிப்பவர்களும் குறைவு. பழைய துணிக் கடைகளில் அச்சுக் கவுன் நல்ல விலைக்குப் போக, பக்கத்திலேயே பெச்சின் கவுன் அமைதியாகத் தொங்கும்.

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பாவாடையின் பின்பக்கத்தை. உட்கார்ந்து உட்கார்ந்து குறுநூல் தேய்ந்து வழுக்கையாவது அங்கேதான். தேயாமல் இருந்தால், உள்ளே திருப்பித் துணிச் சீட்டைப் படிக்கிறார்கள். பருத்தி 100 சதவீதம் என்று போட்டிருந்தால் உடனே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போகிறார்கள்.