லூசீனா ஸ்டான்லி வில்சன்

லூசீனா ஸ்டான்லி வில்சன், கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தில் சுரங்க முகாம்களில் உணவு விடுதி நடத்திய அமெரிக்கப் பெண். வட கரோலினாவில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1849-இல் கணவர் மேசன், இரண்டு சிறு மகன்கள் ஆகியோருடன் மிசூரியிலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பி, சமவெளியும் பாலைவனமும் மலைத்தொடரும் கடந்து சாக்ரமெண்டோ சேர்ந்தார்.

ஊரை எட்டும் முன்பே, வழியில் அவர் சுட்ட ரொட்டிக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி 5 டாலர் தர முன்வந்தார். லூசீனா திகைத்து நிற்க, விலை போதவில்லை என்று எண்ணி அதை 10 டாலராக்கினார். பெண்கள் மிக அரிதாக இருந்த அந்நாட்டில் வீட்டுச் சமையலுக்கு இருந்த மதிப்பு அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. வில்சன் குடும்பம் மாடுகளை விற்று ஒரு விடுதியில் பங்கு வாங்கியது. 1850 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் அதுவரை சேர்த்ததை அழித்தது.

அடுத்து நெவாடா சிட்டி. அது நிசெனான் பழங்குடியினரின் நிலம். தங்கம் தேடி வந்த கூட்டம் அவர்களை ஒதுக்கித் தள்ளி அங்கே முகாமிட்டிருந்தது. கையில் காசில்லாத லூசீனா, சம்பாதித்துத் தருவதாக வாக்குக் கொடுத்து, பிள்ளைகளையும் அடுப்பையும் 700 டாலர் வாடகைக்கு ஒரு வண்டிக்காரரின் வண்டியில் ஏற்றினார். போய்ச் சேர்ந்ததும் தானே முளையடித்துப் பலகை போட்டு மேசை அமைத்தார். பக்கத்துக் கடையில் சாமான் வாங்கிச் சமைத்தார். மேசன் இரவில் திரும்பியபோது 20 பேர் உண்டுகொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு டாலர். வண்டிக் கடன் ஆறு வாரத்தில் தீர்ந்தது. 'எல் டொராடோ' என்று பெயரிட்ட அந்த விடுதி வளர்ந்து, சமையற்காரரும் பரிமாறுபவர்களும் வேலைக்கு வந்தனர்.

வங்கி இல்லாத ஊரில் தொழிலாளர்கள் தங்கத்தூள் பைகளை அவரிடமே கொடுத்துவைத்தார்கள். இரவில் அவை பால் சட்டிகளில் நிரம்பி அடுப்புக்குள் போயின, மெத்தைக்கடியிலும் கிடந்தன. தன் பணத்தை அவர் வட்டிக்கும் விட்டார். ஆற்று மணலை அலசியவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பிய காலத்தில் அவர்களுக்குச் சோறு போட்டவர் வட்டியும் வாங்கினார்.

1851 மார்ச்சில் தீ ஊரைத் தின்றது. விடுதியும் போனது. குடும்பம் வாகா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. மேசன் அங்கே புல் வெட்டி விற்கக் கிளம்ப, லூசீனா வண்டிப் பலகை ஒன்றில் கரிக்கட்டையால் 'வில்சன் விடுதி' என்று எழுதி நட்டு, மூன்றாம் முறையாக அடுப்பு மூட்டினார். இன்றைய வாகாவில் நகரம் அப்பகுதியில்தான் உள்ளது. பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்து, 1902-இல் இறந்தார்.

1881-இல் மகளிடம் சொல்லி எழுதவைத்த அவருடைய நினைவுகள் 1937-இல் நூலாயின. தங்க வேட்டையைப் பற்றிய பெண்களின் நேரடிப் பதிவுகளில் விலைவாசியை இவ்வளவு துல்லியமாகச் சொல்பவை குறைவு.