தாதியர் வில்லையில் ஓர் எழுத்து

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத் தாதியர் கழுத்துச் சங்கிலியில் அணிந்திருந்த அடையாள வில்லைகள், இரண்டங்குல நீளமேயுள்ள எளிய தகடுகளானாலும், ஒரு ராஜ்யம் தனக்காக ஆபத்தை ஏற்ற ஸ்திரீகளை எவ்வாறு கணக்கிட்டது என்பதைத் தெளிவுறக் காட்டும் சாஸனங்களாகும்.

அந்த ராணுவம் 1906-ஆம் ஆண்டில் ஒரு வில்லையை விதித்து, சடலத்தோடு ஒன்று தங்கவும் பதிவுக்கென ஒன்று எடுக்கப்படவும் வேண்டுமென்று 1916-இல் அதை இரண்டாக்கிற்று. பின்னாளில் வந்த தகட்டின் முதல் வரியில் பெயரும், அடுத்த வரியில் தொடர் எண்ணும், ரணஜன்னித் தடுப்பூசி போட்ட வருஷமும், ரத்தப் பிரிவும் பொறிக்கப்பட்டன. 1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும் உடனிருந்தன. புரொட்டஸ்டண்டுக்குப் 'பி', கத்தோலிக்கருக்குச் 'சி', யூதருக்கு 'எச்' என மதமும் ஓரெழுத்தில் அடங்கிற்று. விளிம்பிலுள்ள சிறு வெட்டு, மாண்டவரின் பற்களிடையே தகட்டைச் செருகுவதற்கே என்று சிப்பாய்கள் சொல்லிக்கொண்டார்களாயினும், பொறிக்கும் யந்திரத்தில் தகடு பிசகாமல் அமர்வதற்காக அமைந்ததே அது.

ஆண் அதிகாரியின் எண்ணுக்கு முன்னே 'ஓ' நின்ற இடத்தில் தாதியின் எண்ணுக்கு முன்னே 'என்' நின்றது. 1901-இல் ஸ்தாபிதமான தாதியர் படைக்கு 1920-இல் கிடைத்த 'சார்புப் பதவி', அதிகாரிகளின் பட்டத்தையும் சின்னத்தையும் வழங்கியதேயன்றி, அவர்களுக்குரிய முழு அதிகாரத்தையும் ஊதியத்தையும் வழங்கவில்லை. அந்த நிலையிலேயே பாத்தானிலும் கொரிஹிடோரிலும் காயமுற்றோரைப் பேணிய தாதியர் பலர் 1942-இல் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, மணிலாவின் சாண்டோ தோமாஸ் முகாமில் 1945 பிப்ரவரிவரை வாடினர். அந்த நிலையிலேயே 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் அன்சியோ கடற்கரை ஆஸ்பத்திரிகளில் குண்டு வீச்சுக்கும் பீரங்கித் தாக்குதலுக்கும் தாதியர் அறுவர் பலியாயினர். முழுப் பதவியைத் தற்காலிகமாக அளித்த சட்டம் 1944 ஜூனில்தான் பிறந்தது. நிரந்தரமாக்கிய சட்டமோ 1947-இல் வந்தது.

நோயாளியின் தகட்டில் ரத்தப் பிரிவைப் படித்து உயிர் காக்க முயன்றவள், அதே குறிப்பைத் தன் கழுத்திலும் தாங்கியே நின்றாள். ரத்தத்தையும் ரணஜன்னியையும் குறித்த எழுத்துகளில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. பேதம் முழுவதும் எண்ணுக்கு முன்னின்ற அந்த ஓரெழுத்திலேயே இருந்தது. ஆதலின் இத்தகடுகளைப் பழம்பொருளாகச் சேகரிப்போர், பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்வதோடு அமையாமல், தடுப்பூசி வருஷத்தையும் கவனித்தல் வேண்டும். அது 1944-க்கு முற்பட்டதாயின், சமமான பதவியைப் பெறுமுன்னரே சமமான ஆபத்தை ஏற்றுப் பணிக்கு வந்த ஒருத்தியின் தகடு அது என்று அறிந்து போற்றுதல் தகும்.